மலைக்கும் அதே விலை

கேபிள் டிவி தொழிலை மூடிவிடலாம் என்று டேவிட் சொன்னபோது செலினா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"மூடிட்டு?"

"சக்கரை ஆலையில சீசனுக்கு ஆளு எடுக்குறாங்க. போய்ச் சேந்துக்குறேன். இனிமே எவன் கேபிள் பாக்குறான்? ஆளுக்கொரு போனு வச்சிக்கினு குந்திக்கினு இருக்கான். கம்பத்துல தொங்குற ஒயர எடைக்குப் போட்டாலாவது எதுனா தேறும்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து கச்சிராயபாளையத்தின் கிழக்குப் பக்கத் தெருக்களுக்கு டேவிட்தான் கேபிள்காரன். பண்டிகை நாளில் படம் பாதியில் நின்றால் ஊரே அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். இப்போது படம் நின்றாலும் யாரும் வருவதில்லை. நின்றதே பல பேருக்குத் தெரிவதில்லை.

"நீங்க ஆலைக்குப் போங்க. ஒயர நான் பாத்துக்குறேன்" என்றாள் செலினா.

டேவிட் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கள்ளக்குறிச்சியில் செல்போன் ரிப்பேர் கடை ஒன்றில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் ஈயம் வைத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு வீட்டு மிக்சியை ரிப்பேர் பார்ப்பதோடு நின்றுபோனது. "கம்பம் நம்முளுது. வூட்டுக்காரங்க எல்லாம் நம்மளத் தெரிஞ்சவங்க. டிவி போன வழியில நெட்டு போவட்டுமே" என்றாள்.

ஆலை சீசன் தொடங்கி டேவிட் வேலைக்குப் போன மாதமே செலினா விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே இணைப்பை மொத்தமாக விற்கும் ஆபீசில் பேசி முடித்து, பழைய கறுப்பு ஒயரைக் கழற்றி, மெல்லிய ஃபைபர் கேபிளை இழுக்க ஆரம்பித்தாள். கூலிக்கு வந்த இரண்டு பேர் கம்பத்துக்குக் கம்பம் கட்டிக்கொண்டு போக, சுடிதாருக்கு மேல் டேவிட்டின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவளே ஏணியில் ஏறி இணைப்பு கொடுத்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் கண்ணாடி கிளாஸை வாயருகே வைத்தபடி குடிக்க மறந்து பார்த்தார்கள். "டேவிட் பொண்டாட்டி கம்பம் ஏறுதுடா" என்று ஒருவன் சத்தமாகவே சொன்னான். செலினா மேலிருந்தே, "உங்க வூட்டுக்கும் வேணுமா அண்ணே, சொல்லுங்க, எறங்குனதும் வரேன்" என்றாள். அவன் வீட்டுக்குத்தான் ஐந்தாவதோ ஆறாவதோ இணைப்பு கொடுத்தாள். ஒரு வருஷத்தில் யாரும் வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

மாதம் ஐநூறு ரூபாய். அதில் விழுப்புரத்துக்குப் போவது போக, கூலி போக, கையில் நிற்பது கொஞ்சம்தான். ஆனால் வீட்டுக்கு வீடு கூடிக்கொண்டு வந்தது.

ஊரின் மேற்குப் பக்கம் தீனதயாளனுடையது. கரும்பும் நெல்லுமாக நிறைய நிலம் வைத்திருந்த குடும்பம். கேபிள் தொழில் அவருக்குக் கௌரவத்துக்குச் செய்வது போல. செலினா ஃபைபர் இழுத்ததைப் பார்த்து அவரும் இழுத்தார். அவரிடம் ஆட்கள் இருந்தார்கள், ஏணி வைத்த வண்டி இருந்தது, கேட்டால் கிடைக்கும் பணம் இருந்தது. கடைவீதிதான் எல்லை. அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். சந்தித்தால் "நல்லா இருக்கியாம்மா" என்பார். "இருக்கேங்கண்ணே" என்பாள். அதோடு சரி.

கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் போனுக்குள் போனது. அதுவரை நெட் எதற்கு என்று கேட்டவர்களெல்லாம் செலினாவுக்கு போன் மேல் போன் போட்டார்கள். ஒரு நாள் காலை தீனதயாளன் முகக்கவசத்தோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"நேரா விஷயத்துக்கு வரேன்" என்றார். "ரெண்டு பேரும் எண்ணூறு வைப்போம். நீயும் வை, நானும் வைக்கிறேன். எவன் போவான்? போறதுக்கு இடம் ஏது?"

"எதுக்குங்கண்ணே ஏத்தணும்? விழுப்புரத்துல நமக்கு விலை ஏத்தலியே."

"இப்ப ஏத்தாம எப்ப ஏத்துறது? இன்னிக்கி வேணும்னு அலையிறான். நாளைக்கி பள்ளிக்கூடம் தொறந்துட்டா வேணாம்பான். யாவாரம்னா அதான்."

செலினாவுக்குக் கிழக்குத் தெருவில் ஒரு வீடு ஞாபகம் வந்தது. கரும்பு வெட்டப் போகிறவர்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன். அந்த வீட்டு அம்மா ஐநூறு ரூபாயைச் சில்லறையாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"புள்ளைங்க படிப்ப வச்சி நான் விலைய ஏத்த மாட்டேங்கண்ணே. நீங்க ஏத்துறதுன்னா ஏத்திக்குங்க. உங்க தெரு, உங்க இஷ்டம்."

"நான் மட்டும் ஏத்தினா என் ஆளு கடைவீதியத் தாண்டி உன்கிட்ட வருவான். அதுக்குத்தான் ஏத்த மாட்டேங்குற, இல்ல?"

"அப்பிடி நெனச்சிக்கினா நான் இன்னா பண்ண முடியும்?"

தீனதயாளன் எழுந்தார். வைத்த காபியை அவர் தொடவில்லை. "சரி. அப்ப நான் எறக்குறேன். எவ்ளோ நாளு நிக்கிறன்னு பாக்குறேன்."

அடுத்த மாதமே கடைவீதி முழுக்க அவர் பேனர் தொங்கியது. முந்நூறு ரூபாய், கிழக்குத் தெருக்களுக்கும் இணைப்பு உண்டு. அவருடைய ஆட்கள் செலினாவின் தெருக்களில் புகுந்து கேபிள் கட்டினார்கள். வாரம் தவறாமல் யாராவது அவள் மாட்டிய மோடம் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்கள். "கொஞ்ச நாளைக்கித்தான் செலினா. கையில கஷ்டம்."

"பரவால்ல. வேணும்னா வாங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

டேவிட்டுக்குத் தாங்கவில்லை. "நாமளும் முந்நூறு வைப்போமே. வூட்ல பெட்டி குமிஞ்சிக்கினே போவுது."

"வைக்கலாம். வச்சா வாங்குற ஸ்பீட பாதியாக்கி எல்லாருக்கும் பிரிச்சிக் குடுக்கணும். சாயங்காலத்துல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்தா ஒருத்தனுக்கும் ஓடாது. அது ஏமாத்து. நான் குடுக்குறேன்னு சொன்னத குடுக்கணும்."

"நாயம் பேசிக்கினு இருந்தா வயிறு ரொம்புமா?"

"ரொம்பலன்னா அன்னிக்கிச் சொல்லுங்க. மூடிடலாம்."

அவள் ஐநூறிலேயே நின்றாள். போன் வந்தால் வெயிலானாலும் தூறலானாலும் ஸ்கூட்டியை எடுத்தாள். பழுது என்று கூப்பிட்டவன் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் அவள் சந்து திரும்பியிருப்பாள் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கேலி அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் சொன்னதுதான் நடந்தது. முந்நூறுக்கு ஆள் சேரச் சேர, தீனதயாளனின் லைனில் சாயங்காலமானால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாத்தியார் முகம் உறைந்து நிற்க, பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மறுபடி சேர்வதற்குத் தனியாகக் காசு கேட்பாள் என்று தயங்கித் தயங்கி வந்தார்கள். செலினா கேட்கவில்லை. பழைய பெட்டியைத் துடைத்து எடுத்துப்போய் மாட்டிவிட்டு வந்தாள். ஏன் போனீர்கள் என்றும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது மட்டும் டேவிட்டிடம், "பாத்தீங்களா?" என்றாள். டேவிட் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

அந்தச் சண்டை ஓய்வதற்குள் பெரிய கம்பெனி வந்து சேர்ந்தது.

ஊருக்கு ஊர் பெயர் தெரிந்த கம்பெனி. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றினார்கள். பஸ் நிறுத்தத்தில் கலர் குடையை விரித்து மேஜை போட்டார்கள். மூன்று மாதம் இலவசம், அதற்கப்புறம் முந்நூற்றைம்பது, டிவி சேனல் எல்லாம் அதிலேயே வரும் என்றார்கள். திருவிழாக் கடை போலக் கூட்டம் நின்றது. தீனதயாளனின் முந்நூறு ரூபாய் பேனர் அதற்குப் பக்கத்தில் வெயிலில் வெளுத்துத் தொங்கியது. அவரிடமிருந்தும் இணைப்புகள் போயின, அவளிடமிருந்தும் போயின. அதற்குள் விழுப்புரத்தில் மொத்த விலை இறங்கியிருந்ததால் செலினா நானூறுக்கு வந்தாள். அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

கம்பெனியின் ஏரியா மேனேஜர் சந்தோஷ் ஒரு நாள் அவளைத் தேடி வந்தான். சேலத்துக்காரன், முப்பது வயது இருக்கும். மரியாதையாகப் பேசினான். அவளுடைய வாடிக்கையாளர்களை மொத்தமாகக் கம்பெனிக்கு மாற்றிக்கொடுத்தால் அவளுக்கு சூப்பர்வைசர் வேலை, மாதச் சம்பளம் என்றான்.

"உங்க சர்வீஸ் பத்தி ஊர்ல எல்லாரும் சொல்றாங்க மேடம். அதுக்குத்தான் நேர்ல வந்தேன். ஆனா விலையில எங்களோட நீங்க ரொம்ப நாள் நிக்க முடியாது."

அவன் சொன்னது அவளுக்குச் சுடவில்லை. உண்மையைத்தான் சொல்கிறான் என்று பட்டது. சட்டென்று ஒன்று கேட்கத் தோன்றியது.

"மேல எப்ப போவீங்க?"

"மேலன்னா?"

"மலைக்கு. கல்வராயன் மலைக்கு."

சந்தோஷ் தலையை ஆட்டினான். "அங்க வீடு கம்மி, தூரம் ஜாஸ்தி மேடம். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவுல வெறும் காடு. இப்போதைக்கு எங்க பிளான்லயே இல்ல."

அவன் போனபின் செலினா வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கும் மலை. கோமுகி அணைக்குப் பின்னால் நீலமாகக் கிடப்பது. அந்த மலையிலிருந்து வாரம் ஒரு முறை வேடியப்பன் என்று ஒருவன் அவள் வீட்டுக்கு வருவான். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் சின்னக் கடையும் ஆன்லைன் சேவை மையமும் வைத்திருந்தான். மையம் என்று பெயர்தான். நெட் இல்லாமல் என்ன செய்வது? சாதிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் ஊரார் கொடுத்த விண்ணப்பங்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வந்து, செலினா வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்து ஏற்றிவிட்டு, கடைசி பஸ்ஸில் ஏறுவான். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, "உங்க லைன அப்பிடியே மேல இழுத்துடுங்களேன் யக்கா" என்பான். அவளும் ஒவ்வொரு முறையும் சிரித்து அனுப்பியிருந்தாள்.

அந்த வாரம் அவன் வந்தபோது அவள் சிரிக்கவில்லை. "நானே மேல வந்து பாக்குறேன்" என்றாள்.

போய்ப் பார்த்தாள். வளைவு வளைவாக ஏறி, கரியாலூர் தாண்டி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் அந்த ஊர். அவள் போன அன்று ரேஷன் நாள். கடை பூட்டிக்கிடந்தது. கடைக்காரரும் சனங்களும் ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் நின்றார்கள். கைரேகை வைக்கிற மெஷினுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கிழவிகளைக் கைபிடித்துப் பாறையில் ஏற்றி விரலை வைக்க வைத்து, அப்புறம் கீழே கடைக்கு நடத்தி வந்து அரிசி போட்டார்கள். பூமாலை என்கிற பெண், மகளிர் குழுவின் தலைவி, வழுக்கி விழுந்த தன் மாமியாரைத் தூக்கி நிறுத்திவிட்டு செலினாவைப் பார்த்தாள்.

"நெட்டுக்காரம்மாவா? வந்து பாத்துட்டுப் போறவங்க நெறைய பேரு. இழுக்குறவங்கதான் இல்ல."

"நான் இழுக்குறேன்" என்றாள் செலினா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் திக்கென்றது.

சாமான் ஏற்றி மலைக்குப் போக அவளிடம் வண்டி இல்லை, ஆள் இல்லை, அவ்வளவு கேபிள் வாங்கப் பணமும் இல்லை. அதெல்லாம் வைத்திருந்தவர் ஊரில் ஒருவர்தான்.

தீனதயாளன் வயலில் மருந்து அடிக்கும் ஆட்களைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வருவதைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"இன்னாம்மா, கம்பெனிக்காரன் உன்னையும் முடிச்சிட்டானா?"

"இன்னும் இல்லீங்கண்ணே. ஒண்ணு பேசலாம்னு வந்தேன்."

சொன்னாள். வரப்பிலேயே குந்தி, மண்ணில் குச்சியால் சாலையைக் கோடு போட்டுக் காட்டினாள். எங்கே எத்தனை ஊர், எங்கே கரண்டுக் கம்பத்தில் வாடகைக்குக் கட்டலாம், எங்கே நாமே கம்பம் நடணும், எதற்கெல்லாம் அனுமதி வாங்கணும் என்று. வண்டி, ஆளு, முதலு உங்களுது. வேலை என்னுது. வருவதில் பாதிப் பாதி என்றாள். தீனதயாளன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கோபக்காரரே தவிரத் தொழில் தெரிந்தவர்.

"மேல வேற எவனும் இல்ல" என்றார் மெதுவாக.

"இல்ல."

"அப்ப ஆயிரம் வைக்கலாம். எவ்ளோ தூரம் இழுக்குறோம்! குடுப்பான்."

"கீழ இன்னா விலையோ மேலயும் அதே விலைதாங்கண்ணே. நானூறு."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" குச்சியை அவள் கையிலிருந்து பிடுங்கி எறிந்தார். "நீ யாவாரியா, இல்ல கான்வென்ட்டு சிஸ்டரம்மாவா?"

"யாவாரிதாங்க. யாவாரமாவே சொல்றேன், கேளுங்க. நீங்க முந்நூறு வச்சீங்க. கம்பெனிக்காரன் வந்ததும் உங்க ஆளு எத்தினி பேரு நின்னான்? விலைக்கு வந்தவன் விலைக்கே போயிட்டான். நாளைக்கி மலையிலயும் அவன் குடைய விரிப்பான். அன்னிக்கி நாம ஆயிரம் வாங்கிக்கினு இருந்தோம்னா, 'இத்தினி நாளா எங்கள உரிச்சீங்களே'ன்னு ஒரு வூடு நம்ம பக்கம் நிக்காது. போட்டி இல்லாத நாள்ல இன்னா விலை வாங்குனோம்ங்கிறதத்தான் சனங்க மறக்காது."

தீனதயாளன் வேட்டியை மடித்துக் கட்டினார். மருந்து டேங்கைத் தோளில் மாட்டிய ஆளை எதற்கோ திட்டினார். அப்புறம், "நாளைக்கி வண்டிய அனுப்புறேன். எங்கெங்க கம்பம் நடணும்னு மொதல்ல காமி" என்றார். விலையைப் பற்றிச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செலினாவுக்கு அது போதுமாக இருந்தது.

அனுமதிகள் வாங்க ஒரு மழைக்காலம் போனது. அதற்குப் பிறகு வேலை ஓடியது. தீனதயாளனின் ஆட்கள் கேபிள் சுருளை உருட்ட, ஊர் ஊருக்கு மலைக்காரர்களே வந்து குழி தோண்டினார்கள். பாறை வந்த இடத்தில் வேடியப்பன் கடப்பாரையோடு நின்றான். சாலை வளையும் இடங்களில் செலினா குடையைக் காற்றுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு ஃபைபரை ஒட்டும் மெஷினில் குனிந்திருந்தாள். முடியைவிட மெல்லிசான இழை. தூசி ஒன்று பட்டாலும் ஒளி போகாது. ஒட்டி முடித்துத் திரும்பினால் குரங்குகள் அடுத்த கம்பத்தில் கேபிளை இழுத்து விளையாடிக்கொண்டிருக்கும்.

முக்கால்வாசி முடிந்திருந்தபோது ஐப்பசி மழையில் ஒரு வளைவில் மண் சரிந்து, இரண்டு கம்பங்களோடு கேபிள் பள்ளத்துக்குள் போனது. தீனதயாளன் ஜீப்பில் வந்து இறங்கி, பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அவர் இப்போது போதும் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"கம்பத்த அந்தாண்ட பக்கம் நட்டுருந்தா விழுந்துருக்காது" என்றார்.

"நட்டுருக்கலாங்கண்ணே. தெரியல."

"இப்பத் தெரிஞ்சிச்சி இல்ல? அந்தாண்ட நடு." ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர், எட்டிப் பார்த்து, "மழையில நின்னுக்கினு இருக்காத. காய்ச்சல்ல படுத்தீன்னா எவன் ஒட்டுறது?" என்றார்.

தை பிறந்து சில நாளில் வேடியப்பனின் கடையில் பெட்டியை மாட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. செலினா வெளியே போய் ஒரு ஜாயிண்ட்டைத் துடைத்துவிட்டு வந்தாள். பச்சை வந்தது. வேடியப்பன் லேப்டாப்பைத் திறந்து, பையில் இருந்த முதல் சாதிச் சான்று விண்ணப்பத்தை அங்கேயே, தன் கடையிலேயே, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஏற்றினான். ஏறிவிட்டது என்று திரையில் வந்ததும் யாரையும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த இணைப்பு ரேஷன் கடைக்கு. அந்த மாதம் பூமாலையின் மாமியார் பாறை ஏறவில்லை. கடை வாசலில் நிழலில் நின்று விரலை வைத்தாள். மெஷின் 'டிங்' என்றது. கிழவிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், இன்னொரு தடவை வைக்கட்டுமா என்று கேட்டாள்.

ஊர் ஊராக லைன் போனது. நானூறு ரூபாய்தான். தீனதயாளன் மாதம் ஒரு முறை முணுமுணுப்பார், ஆனால் ஏற்றவில்லை. மலையில் இணைப்பு கூடக் கூட அந்த முணுமுணுப்பும் குறைந்தது. டேவிட் அந்த சீசன் முடிந்த பிறகு ஆலைக்குத் திரும்பிப் போகவில்லை. மலைப் பாதை லைனைப் பார்த்துக்கொள்ள அவனே வந்துவிட்டான்.

போன வருஷம், செலினா வரப்பில் சொன்னது போலவே, கம்பெனி மலை ஏறியது. மேலே இத்தனை வீடுகள் மாதாமாதம் பணம் கட்டுகின்றன என்பது தெரிந்தால் யார்தான் வரமாட்டார்கள்? வேடியப்பனின் ஊரில், சமுதாயக் கூடத்துக்கு முன்னால் அதே கலர் குடை. மூன்று மாதம் இலவசம். சந்தோஷே மைக்கைப் பிடித்திருந்தான். சேதி தெரிந்து தீனதயாளன் கத்தினார். "நாம கம்பம் நட்ட வழியில அவன் வரான் பாத்தியா!" செலினா கிளம்பிப் போனாள். போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். பெட்டிகள் திரும்பி வரும் காட்சி அவளுக்குப் பழக்கமானதுதான். ஆனாலும் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

சந்தோஷ் பேசி முடித்ததும் பூமாலை எழுந்தாள்.

"மூணு மாசம் சும்மா. சரி. அப்பறம் இன்னா விலை?"

"மலைப் பகுதிக்கு ஐநூத்தம்பதுங்க."

"கீழ கச்சிராயபாளையத்துல?"

சந்தோஷ் மைக்கைக் கீழே இறக்கினான். பொய் சொல்லத் தெரியாத பையன். "இப்ப நானூறுங்க."

"எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஜாஸ்தி?"

"மலை ஏறி லைன் கொண்டு வர்ற செலவு இருக்குல்லங்க."

பூமாலை கூட்டத்தின் கடைசியைக் கை காட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள். "அந்தம்மாவும் அதே மலைய ஏறித்தான கொண்டாந்துச்சி? மழையில மண்ணு சரிஞ்சி திரும்ப நட்டுச்சி. அப்பக் கேக்க நாதியில்ல, வேற ஆளும் இல்ல. ஆயிரம் கேட்டுருந்தாலும் குடுத்துருப்போம். கீழ விலைதான் வாங்குச்சி. மொதல்ல அந்த விலைக்கு வா, அப்பறம் சும்மா குடுக்குறதப் பத்திப் பேசலாம்."

கூட்டம் ஆமாம் என்றது. வேடியப்பன் விசில் அடித்தான். ஏதாவது பேசு என்று பக்கத்தில் இருந்தவர்கள் செலினாவைத் தள்ளினார்கள். அவளுக்குப் பேசத் தெரியும்தான், ஆனால் அப்போது கொஞ்சம்தான் வந்தது.

"அவரு மேல கோவப்படாதீங்க. ரெண்டு லைனு இருந்தா உங்களுக்கு நல்லதுதான். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு ஓடும். யாருகிட்ட வேணா எடுங்க. விலைய மட்டும் கேட்டு எடுங்க."

அன்று சில பேர் கம்பெனியிடம் பெயர் கொடுத்தார்கள். இலவசத்தை விட மனசு வருமா? ஆனால் பெரும்பாலானவர்கள் குடையைத் தாண்டி நேராக வீட்டுக்குப் போனார்கள். செலினா எண்ணவில்லை. மலையிறங்கும் வழியெல்லாம் ஸ்கூட்டியில் தனக்குத்தானே பாடிக்கொண்டு வந்தாள். கோயிலில் பாடும் பாட்டுதான், சத்தமாக.

இரண்டு மாதம் கழித்து சந்தோஷ் அவள் வீட்டுக்கு வந்தான். இந்த முறை வேலை கொடுக்க வரவில்லை. மலைக்குப் போகும் வழியில் டீ குடிக்க நிறுத்தியதாகச் சொன்னான். டீயைக் குடித்து முடிக்கும்வரை வந்த காரியத்தைச் சொல்லவில்லை.

"மலைக்குன்னு போட்ட தனி விலைய ஆபீஸ்ல எடுத்துட்டாங்க மேடம். இனிமே மேலயும் நானூறுதான்."

"அப்பிடியா?"

"சென்னையில மீட்டிங். இந்த ஏரியாவுல விலைய ஏத்த முடியுமா முடியாதான்னு கேட்டாங்க. உங்க பேரு வந்துச்சு."

செலினா டம்ளரை வாங்கிக்கொண்டே, "இன்னான்னு வந்துச்சு?" என்றாள்.

சந்தோஷ் சிரித்துவிட்டான். "'அந்த லேடி அங்க இருக்குற வரைக்கும் முடியாது'ன்னு எங்க ஜி.எம்.கிட்ட நானேதான் சொன்னேன்."

செலினா வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த டேவிட் எழுந்து வந்து என்ன என்று கேட்டான். அவள் சந்தோஷிடம், "இன்னொரு வாட்டி சொல்லுங்க, இவரு கேக்கட்டும்" என்றாள். அவன் சொன்னான். அவன் கிளம்பியதும் தீனதயாளனுக்கு போன் போட்டுச் சொன்னாள். "லேடியாம்ல லேடி! வண்டி என்னுது, முதலு என்னுது, என் பேரு வரலியா?" என்று அவர் அந்தப் பக்கம் கத்தினார். அவரும் சிரிப்பது அவளுக்குக் கேட்டது.

மத்தியானத்துக்குள் கிழக்குத் தெரு முழுக்கச் சேதி பரவியிருந்தது. பரப்பியது டேவிட்தான். டீக்கடையில் நின்று, "சென்னையில, பெரிய மீட்டிங்குல" என்று அவன் ஆரம்பிப்பதை, கடைக்கு எதிரே கம்பத்தின் மேலிருந்து செலினா கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறான் என்று தெரிந்தும் தடுக்கவில்லை. இணைப்பை முடுக்கிவிட்டு, இறங்குவதற்கு முன் இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே நின்று கேட்டாள்.